மின்வாகனத்துக்கு அரசு கைகொடுக்கலாமா? மானியம், மின்கட்டமைப்பு, கொள்கை: விவாத இழை

#1 வரிக்கணக்கு

மின்வாகனம் நல்லதா கெட்டதா என்று நான் கேட்கவில்லை. ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அது நல்ல வண்டி என்று தெரியும். நல்ல வண்டியாக இருந்தால் மக்கள் தாமாகவே வாங்கட்டுமே, எந்தப் பொருள் ஜெயிக்க வேண்டும் என்று அமைச்சகத்தில் உட்கார்ந்து தீர்மானிக்கும் வேலை அரசுக்கு எதற்கு? இதுதான் என் கேள்வி.

அரசு தேர்ந்தெடுத்தவை என்ன ஆயின என்று பாருங்கள். அமெரிக்க அரசு 53.5 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்த சோலிண்ட்ரா என்ற சூரியத் தகடு நிறுவனம் 2011இல் திவாலானது. அதே நாட்டில் 2005, 2007 சட்டங்கள் பெட்ரோலில் எத்தனால் கலப்பதைக் கட்டாயமாக்கின. இன்று அங்கே விளையும் மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எரிபொருளாகப் போகிறது. அதனால் சூழலுக்கு நன்மையா என்று ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், திட்டத்தைத் தொட மட்டும் எந்தக் கட்சிக்கும் துணிவில்லை. ஜப்பான் ஹைட்ரஜன் காரை நம்பிப் பணம் கொட்டியது. டொயோட்டா மிராய் 2014இல் விற்பனைக்கு வந்து பத்தாண்டு கடந்தும் சாலையில் அது அபூர்வம். ஐரோப்பா டீசலுக்கு வரிச்சலுகை கொடுத்தது, நகரங்களின் காற்று கெட்டது.

நான் சொல்வது எளிது. புகைக்கு விலை வையுங்கள், ஒரு டன் கரியமில வாயுவுக்கு இவ்வளவு வரி என்று. பிறகு அரசு ஒதுங்கிக்கொள்ளட்டும். மின்சாரமா, ஹைட்ரஜனா, ரயிலா, சைக்கிளா என்பதை மக்களும் தொழில் செய்பவர்களும் பார்த்துக்கொள்வார்கள்.

#2 கதிரொளி

சோலிண்ட்ராவுக்குக் கை கொடுத்தது அமெரிக்க எரிசக்தித் துறையின் கடன் அலுவலகம். அதே அலுவலகம் 2010இல் இன்னொரு சிறிய நிறுவனத்துக்கு 46.5 கோடி டாலர் கடன் கொடுத்தது. அதன் பெயர் டெஸ்லா. 2013இலேயே கடனை முழுதாக அடைத்துவிட்டது. பத்துக் கடனில் ஒன்று மூழ்கினால் அந்த ஒன்றை மட்டும் எடுத்து வைத்துப் பேசுவது கணக்குப் பார்ப்பவருக்கு அழகல்ல.

இனி புகை வரிக்கு வருகிறேன். அதை நான் எதிர்க்கவில்லை, அது மட்டும் போதாது என்கிறேன். 2000இல் ஜெர்மனி புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம் கொண்டுவந்தபோது கூரைச் சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு ஏறத்தாழ 50 யூரோ சென்ட் தர வேண்டியிருந்தது. நிலக்கரி மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு விடும். டன்னுக்கு 30 யூரோ வரி போட்டிருந்தாலும் நிலக்கரி மின்சாரத்தின் விலை யூனிட்டுக்கு 3 சென்ட்தான் ஏறியிருக்கும். அந்த 3 சென்ட்டைப் பார்த்து எந்த முதலீட்டாளர் சூரியத் தகடு தொழிற்சாலை கட்டியிருப்பார்? ஒருவரும் கட்டியிருக்க மாட்டார்கள்.

தொழிற்சாலை கட்டாமல் விலை இறங்காது. விமானத் தொழிலில் இதை 1936லேயே தியோடர் ரைட் என்ற பொறியாளர் எழுதிவைத்தார்: மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் செலவு ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் குறைகிறது. சூரியத் தகட்டுக்கு அந்த விகிதம் சுமார் 20 சதவீதம். 1954இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது, 1958இல் வான்கார்ட் செயற்கைக்கோளில் ஏறியது, அதன்பின் பல பத்தாண்டுகள் விலை அதிகம் என்பதால் ஓரமாகவே கிடந்தது. ஜப்பான் கொஞ்சம் வாங்கியது, ஜெர்மனி நிறைய வாங்கியது, சீனா ஆலைகளைப் பெருக்கியது. 2010க்குப் பின் பெரிய சூரியப் பூங்காக்களின் மின்சாரச் செலவு உலகளவில் ஏறத்தாழ 90 சதவீதம் சரிந்தது. ஆய்வகத்தில் புதிதாக எதையோ கண்டுபிடித்ததால் மட்டும் இது நடந்துவிடவில்லை. யாரோ முன்கூட்டியே வாங்கியதால் நடந்தது. அந்த யாரோ ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் அரசுதான்.

#3 பிஸ்டன்

படிச்சவங்க பேசுற இடத்துல குறுக்கே வரேன், பொறுத்துக்கோங்க. நான் எஞ்சின் வேலை பாக்குறவன். கேள்வி ஒண்ணுதான். அந்த வண்டிக்கு ஏத்துற கரண்ட் எங்கிருந்து வருது? பல நாட்டுல கரியை எரிச்சுதான் வருது. இங்க புகை போகாம அங்க போகுது. போதாததுக்கு பேட்டரி செய்யும்போதே டன் கணக்குல புகை விடுறாங்க. இதைச் சுத்தமான வண்டின்னு சொல்லி ஏழையோட வரிப்பணத்துல கார் வாங்குறவனுக்கு மானியம் கொடுக்குறது நியாயமா?

#4 மின்தடம்

பிஸ்டன் சார், உங்கள் கேள்வி சரியான கேள்வி. இதற்கு ஆம், இல்லை என்று பதில் சொன்னால் தவறாகப் போகும். கணக்காகவே போட்டுவிடுவோம். யாரும் சரிபார்க்கலாம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் போகும் கார் என்றால் கிலோமீட்டருக்கு சுமார் 153 கிராம். எண்ணெய் எடுப்பது, சுத்திகரிப்பது, கொண்டு சேர்ப்பது எல்லாம் சேர்த்தால் 190 கிராம் அளவுக்கு வரும்.

அதே அளவு மின்கார், சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்து, கிலோமீட்டருக்கு 0.17 யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி 50 யூனிட். அதைச் செய்ய ஆகும் புகை யூனிட் கொள்ளளவுக்கு 80 கிலோ என்று கொண்டால் மொத்தம் 4 டன். வண்டி தலையில் இந்தக் கடனோடுதான் சாலைக்கு வருகிறது.

மின்சாரம் பெரும்பாலும் நீர், காற்று, அணு என்று யூனிட்டுக்கு 100 கிராம் மட்டும் விடும் நாட்டில் மின்கார் கிலோமீட்டருக்கு 17 கிராம். 23,000 கிலோமீட்டரில் கடன் தீர்ந்துவிடும். யூனிட்டுக்கு 700 கிராம் விடும் கலவை என்றால் 119 கிராம், கடன் தீர 56,000 கிலோமீட்டர். முழுக்க முழுக்க நிலக்கரி, 950 கிராம் என்றால் 161 கிராம், கடன் தீர 1,38,000 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

ஆக, முழு நிலக்கரி நாட்டில் குறைவாக ஓடும் சொந்தக் காருக்கு உங்கள் சந்தேகம் நியாயமானது. மற்ற இடங்களில் இல்லை. இன்னொன்று: இன்று வாங்கிய பெட்ரோல் வண்டி கடைசி நாள்வரை அதே புகையைத்தான் விடும். மின்கார் அப்படியல்ல. மின்நிலையம் மாற மாற, வாங்கிய வண்டியே சுத்தமாகிக்கொண்டு வரும். மின்வாகனக் கொள்கையும் மின்நிலையக் கொள்கையும் ஒரே கோப்பில் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். பெரும்பாலான அரசுகளில் இவை இரண்டு துறைகள், இரண்டு அமைச்சர்கள்.

#5 பேருந்துப்பயணி

மின்தடம், அந்தக் கணக்கில் "குறைவாக ஓடும் சொந்தக் கார்" என்ற சொற்களைப் பிடித்துக்கொள்கிறேன்.

நகரப் பேருந்து நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடும், 75 லிட்டர் டீசல் குடிக்கும். வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் கார் நாளுக்கு 2.2 லிட்டர்தான் குடிக்கும். ஒரு பேருந்தை மாற்றினால் முப்பதுக்கு மேற்பட்ட கார்களை மாற்றிய அளவுக்கு எண்ணெய் மிச்சம். அந்த முப்பது காருக்கு 1,500 யூனிட் பேட்டரி வேண்டும். பேருந்துக்கு 300 போதும். அதே லித்தியம், அதே மானியம், ஐந்து மடங்கு பலன்.

சீனாவின் ஷென்சென் நகரம் 2017 முடிவதற்குள் தன் 16,000க்கு மேற்பட்ட பேருந்துகள் அனைத்தையும் மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. அங்கே தெருவில் நடப்பவருக்கும் அந்த மானியத்தின் பலன் மூச்சுக்காற்றில் கிடைத்தது. பல நாடுகளில் மானியம் முதலில் போய்ச் சேர்ந்தது வீட்டில் ஏற்கெனவே ஒரு கார் நிற்பவர்களிடம். பிஸ்டன் அண்ணன் கேட்ட நியாயக் கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

#6 வரிக்கணக்கு

நன்றி. அந்த இடத்தைத்தான் நானும் தொட வந்தேன்.

கதிரொளி, "யாரோ முன்கூட்டியே வாங்கியதால்" என்றீர்கள். ஜெர்மனியில் அந்த யாரோ சாதாரண வீட்டுக்காரர். மின்கட்டணத்தில் கூடுதல் வரியாக 2017இல் யூனிட்டுக்கு 6.88 சென்ட் வரை வாங்கினார்கள். மின்சாரம் அதிகம் உறிஞ்சும் பெரிய ஆலைகளுக்குச் சலுகை. கூரை சொந்தமாக உள்ளவர் தகடு போட்டுச் சம்பாதித்தார், வாடகை வீட்டில் இருப்பவர் அவருக்குப் பணம் கட்டினார். 2022இல்தான் அந்த வரியைக் கட்டணத்திலிருந்து எடுத்தார்கள். உலகத்துக்கு மலிவான சூரியத் தகடு கிடைத்தது உண்மை. அதற்கான விலையைச் சுமந்தவர்களில் வசதி குறைந்தவர்கள் பலர் என்பதும் உண்மை.

டீசலைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை என்பதையும் கவனித்தேன்.

#7 கதிரொளி

டீசலுக்கே வருகிறேன். அது நீங்கள் நினைக்கும் பக்கம் சாட்சி சொல்லவில்லை.

பிரிட்டன் 2001இல் வாகன வரியை எதன் அடிப்படையில் மாற்றியது? கிலோமீட்டருக்கு எத்தனை கிராம் கரியமில வாயு என்பதன் அடிப்படையில். எந்த எஞ்சின் என்று அரசு சொல்லவில்லை. நீங்கள் முதல் பதிவில் கேட்டதும் ஏறக்குறைய இதுதானே: புகையை அளந்து விலை வை, தொழில்நுட்பத்தைத் தொடாதே. கரியமில வாயுவை மட்டும் அளந்தார்கள், அதைக் குறைவாக விடும் டீசல் ஜெயித்தது. நகரக் காற்றைக் கெடுக்கும் நைட்ரஜன் ஆக்சைடு அந்தக் கணக்கில் இல்லை. அதற்கென இருந்த சோதனையோ ஆய்வகத்துக்குள்ளேயே நடந்தது. சோதனையில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டிய ஃபோக்ஸ்வாகனின் மென்பொருள் மோசடி 2015இல் வெளிவந்தபோதுதான் சாலையில் என்ன நடக்கிறது என்று உலகம் பார்த்தது. எதை அளப்பது என்று முடிவு செய்வதே ஒரு தேர்வு. எதையும் தேர்ந்தெடுக்காத அரசு என்று ஒன்று கிடையாது.

ஜெர்மன் கட்டணச் சுமையில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். வரிப்பணத்திலிருந்து, வருமானத்துக்கு ஏற்ப, அந்தச் செலவைச் செய்திருக்க வேண்டும்.

இப்போது நான் உண்மையிலேயே சொல்ல வந்த விஷயம். எவ்வளவு மானியம் என்று எல்லாரும் சண்டை போடுகிறோம். என் பார்வையில் கொள்கைகள் செத்த இடங்களில் எல்லாம் காரணம் தொகை அல்ல. சொன்ன சொல்லை அரசு காப்பாற்றவில்லை என்பதுதான்.

கலிஃபோர்னியா 1990இல் விதி போட்டது: பெரிய கார் நிறுவனங்கள் விற்கும் வண்டிகளில் 1998க்குள் 2 சதவீதம், 2003க்குள் 10 சதவீதம் புகையே விடாத வண்டியாக இருக்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் ஈவி1 என்ற காரைச் சாலைக்கே கொண்டுவந்தது. அரசோ 1996 முதலே விதியைத் தளர்த்திக்கொண்டு வந்தது. பிறகு குத்தகைக்கு விட்டிருந்த அந்தக் கார்களையே நிறுவனம் திரும்பப் பெற்றுப் பெரும்பாலானவற்றை நொறுக்கியது. ஸ்பெயின் சூரிய மின்சாரத்துக்குத் தாராளமான விலை அறிவித்து, 2008இல் தகடுகள் வெள்ளமாக வந்ததும் பயந்து, ஏற்கெனவே கட்டி முடித்தவர்களின் விலையையும் பின்னாளில் வெட்டியது. முதலீட்டாளர்கள் சர்வதேசத் தீர்ப்பாயங்களில் வரிசையாக வழக்குப் போட்டார்கள். ஜெர்மனியில் 2023 நவம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு நிதி ஒதுக்கீட்டை ரத்து செய்தது, டிசம்பரில் மின்கார் மானியம் ஒரு வார இறுதியில் மூடப்பட்டது. 2024இல் அங்கே மின்கார் விற்பனை கால்பங்குக்கு மேல் சரிந்தது. இந்தியாவில் 2023 ஜூன் 1 முதல் இருசக்கர மின்வாகன மானிய வரம்பு விலையில் 40 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக இறங்கியது. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையே சில நாட்கள்தான். மே மாதம் மக்கள் முண்டியடித்து வாங்கினார்கள், ஜூனில் விற்பனை பாதிக்கும் கீழே போனது.

நார்வேயைப் பாருங்கள். 1990லேயே மின்காருக்கு இறக்குமதி வரி விலக்கு, 2001 முதல் மதிப்புக் கூட்டு வரி விலக்கு. ஆட்சிகள் மாறின, சலுகை நின்றது. 2025க்குள் விற்கும் புதிய கார்கள் எல்லாம் புகை விடாதவையாக இருக்க வேண்டும் என்று 2017இல் நாடாளுமன்றம் இலக்கு வைத்தது. மின்கார்கள் பெருகிய பிறகு, 2023 முதல், 5 லட்சம் குரோனருக்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும் வரி விதித்தார்கள். 2024இல் விற்ற புதிய கார்களில் ஏறத்தாழ 89 சதவீதம் மின்சாரம்.

உங்கள் புகை வரிக்கும் இதே கதிதான். ஆஸ்திரேலியா 2012இல் கொண்டுவந்து 2014இல் நீக்கியது. பிரான்சில் 2018இல் மஞ்சள் சட்டைப் போராட்டம் வெடித்ததும் எரிபொருள் வரி உயர்வைக் கைவிட்டார்கள். கனடா 2025 ஏப்ரலில் பொதுமக்களுக்கான கார்பன் கட்டணத்தைப் பூஜ்ஜியமாக்கியது. 1991 முதல் விடாமல் பிடித்து மெல்ல மெல்ல ஏற்றிய ஸ்வீடனில் வீட்டுச் சூடேற்றம் கிட்டத்தட்ட முழுதாக எண்ணெயை விட்டு வெளியே வந்துவிட்டது. கருவி எதுவானாலும் நிலைத்து நின்றதுதான் வேலை செய்திருக்கிறது.

#8 வரிக்கணக்கு

டீசலைப் பற்றிச் சொன்னது யோசிக்க வைத்தது. அளவுகோலில் எது விடுபடுகிறதோ அங்கே ஓட்டை என்பதை ஏற்கிறேன்.

ஆனால் உங்கள் பெரிய வாதத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. நிலைத்து நிற்பதே முக்கியம் என்றால் அமெரிக்க எத்தனால் திட்டத்தைவிட உறுதியாக நின்ற கொள்கை எது? கிட்டத்தட்ட இருபது ஆண்டுகளாக அசையவில்லை. தவறான பாதையில் உறுதியாக நடந்தால் அது பாராட்டத்தக்கதா? நார்வேக்கும் ஒரு குறிப்பு: எண்ணெய் விற்ற பணம், மின்சாரத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் நீர்மின்சாரம், பெட்ரோல் கார்களுக்கு ஏற்கெனவே கடும் வரி. அந்த வரியைத் தள்ளுபடி செய்வதே பெரிய சலுகையாக இருந்தது. வரி குறைந்த நாடு எதைத் தள்ளுபடி செய்யும்?

#9 தாதுமணல்

தவறான பாதையில் உறுதியாக நடப்பது பற்றிய கேள்விக்குப் பேட்டரிச் சந்தையிலேயே பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். சுரங்க, கனிமப் பக்கம் வேலை செய்பவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சீனா 2009இல் சில நகரங்களில் பரிசோதனையாகத் தொடங்கி மின்வாகனத்துக்குப் பதிமூன்று ஆண்டுகள் பணம் கொடுத்தது. படிப்படியாகக் குறைத்து 2022 இறுதியில் தேசிய மானியத்தை நிறுத்தியது. வாங்குபவருக்குக் கொடுத்த மானியம் போனாலும் உற்பத்தியாளர்கள் குறிப்பிட்ட அளவு மின்வாகனம் விற்றாக வேண்டும் என்ற புள்ளி முறை நின்றது. இலக்கு மாறவில்லை. ஆனால் வழியில் அரசே குளறுபடி செய்தது. 2016 வாக்கில் மானியத்துக்காகவே பொய்க் கணக்கில் வண்டி காட்டிய நிறுவனங்கள் பிடிபட்டன. அடுத்ததாக, ஒரு கிலோ பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் அடங்குகிறது என்பதை வைத்து மானியத்தை நிர்ணயித்தார்கள். உடனே எல்லாரும் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த பேட்டரிக்குத் தாவினார்கள். இரும்பு பாஸ்பேட் பேட்டரி விலை குறைவு, எளிதில் தீப்பிடிக்காது, நீண்ட நாள் உழைக்கும். கனம் கூடுதல் என்ற ஒரே காரணத்தால் ஓரம் போனது. மானியம் தேயத் தேய அது திரும்பி வந்தது. 2021இல் சீனாவில் பொருத்தப்பட்ட பேட்டரிகளில் இரும்பு பாஸ்பேட்டே முதலிடம்.

கோபால்ட் இல்லாமல் மின்வாகனம் இல்லை, கோபால்ட் எடுப்பது காங்கோவின் சுரங்கங்களில், அங்கே குழந்தைகள் மண் தோண்டுகிறார்கள் என்று பத்தாண்டுக்கு முன் உலகமே பேசியது. உலகக் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இன்றும் காங்கோவிலிருந்துதான். ஆனால் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. மானிய விதி ஒருவகைப் பேட்டரியின் பக்கம் சாயாமல் இருந்திருந்தால் இந்த மாற்றம் சில ஆண்டுகள் முன்பே வந்திருக்கும் என்பது என் கணிப்பு.

வரிக்கணக்கு, எத்தனால் சட்டத்தில் இவ்வளவு கேலன் என்று பொருளின் பெயரும் அளவும் எழுதப்பட்டிருந்தன. முடிவுத் தேதி இல்லை, சோளம் விளைவிப்பவரின் வருமானம் அதோடு முடிச்சுப் போடப்பட்டது. எங்கே போக வேண்டும் என்பதில் உறுதியாக இருப்பது வேறு, எதில் ஏறிப் போக வேண்டும் என்பதில் உறுதியாக இருப்பது வேறு.

கனிமச் சுத்திகரிப்பு ஒரே நாட்டில் குவிந்திருப்பது தனிப் பிரச்சினை. 2023இல் காலியம், ஜெர்மேனியம், 2025 ஏப்ரலில் சில அரிய மண் தனிமங்கள் என்று சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதும், அரிய மண் தனிமங்கள் சேர்ந்த மோட்டார் காந்தத்துக்காகக் கார் ஆலைகள் திண்டாடின. இதைச் சந்தை தானாகச் சரி செய்யும் என்று நான் நம்பவில்லை. சுத்திகரிப்பு ஆலை எழுப்ப ஆண்டுகள் பிடிக்கும், எதிராளி ஒரே மாதத்தில் விலையைத் தரைக்கு இறக்கிவிடலாம்.

#10 பிஸ்டன்

தாதுமணல் சொன்னது எனக்கும் புரிஞ்சுது. நல்லா சொன்னீங்க.

என் பக்கத்தையும் கேளுங்க. மின்வண்டியில ஆயில் மாத்த வேண்டாம், கிளட்ச் இல்ல, சைலன்சர் இல்ல, பிரேக் கட்டைகூட சீக்கிரம் தேயாது, ஏன்னா மோட்டாரே வேகத்தைக் குறைச்சு கரண்டைத் திருப்பி பேட்டரிக்கு அனுப்புது. வண்டி வச்சிருக்கவனுக்கு நல்லதுதான். ஆனா எங்க பொழப்பு அந்த வேலைகள்லதான் ஓடுது. புதுசா கத்துக்கலாம், கத்துக்கத் தயார். ஒரு வண்டி வந்துச்சு, பேட்டரி பெட்டிக்குள்ள ஒரு சின்ன ரிலே போயிருக்குன்னு எனக்குத் தெரியுது. பிழைக் குறியீட்டை அழிக்க கம்பெனி மென்பொருள் வேணும். வெளியாளுக்குத் தர மாட்டோம்னுட்டாங்க. முழு பேட்டரியையும் மாத்தச் சொன்னாங்க. வண்டியோட பாதி விலை.

மக்கள் பணத்துல மானியம் வாங்கி விக்கிற வண்டியை மக்கள் யார்கிட்ட வேணா ரிப்பேர் பண்ணிக்க முடியணும். மானியம் கொடுக்குற அரசு இதை ஒரு நிபந்தனையா வச்சா என்ன குறைஞ்சுடும்?

#11 தாதுமணல்

பிஸ்டன், ஒன்றும் குறையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 பேட்டரி ஒழுங்குமுறை இந்தத் திசையில் கொஞ்சம் போயிருக்கிறது. 2027 பிப்ரவரி முதல் மின்வாகனப் பேட்டரி ஒவ்வொன்றுக்கும் மின்னணு அடையாள ஆவணம், அதன் ஆரோக்கியம் பற்றிய தகவல், 2031 முதல் மறுசுழற்சி செய்த கோபால்ட் 16 சதவீதம், லித்தியமும் நிக்கலும் 6 சதவீதம் கட்டாயம். பழைய மின்வண்டி வாங்குபவருக்கு இந்தத் தகவல் உயிர்நாடி. புது வண்டிக்கு மானியம் கொடுப்பதைவிடப் பழைய வண்டிச் சந்தையை நம்பத்தக்கதாக்கினால் வசதி குறைந்தவர்களுக்குக் கூடுதல் பயன். நீங்கள் கேட்கும் பழுதுபார்க்கும் உரிமை அதிலும் முழுதாக வரவில்லை. கேட்டுக்கொண்டே இருங்கள்.

#12 மின்தடம்

கம்பிப் பக்கம் யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

"எல்லாரும் மின்வாகனம் வாங்கினால் மின்சாரம் எங்கே?" என்று கேட்பார்கள். வருடத்துக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் கார் சுமார் 2,000 யூனிட் எடுக்கும். பத்து லட்சம் கார்களுக்கு 200 கோடி யூனிட். பெரிய அனல் மின்நிலையம் ஒன்று சில மாதங்களில் தருவது இது. மின்சாரத்தின் அளவு சிக்கலே இல்லை. நேரம்தான் சிக்கல். அந்தப் பத்து லட்சம் பேரும் மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பி 7 கிலோவாட் சார்ஜரைச் செருகினால் ஒரே நொடியில் 7,000 மெகாவாட். சூரியன் மறைந்த நேரம், சமையல், விளக்கு, குளிர்சாதனம் எல்லாம் ஓடும் நேரம். முதலில் மூச்சுத் திணறுவது தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர்.

இதற்கு மலிவான மருந்து இருக்கிறது, அரசு விதி என்ற மருந்து. பிரிட்டனில் 2022 ஜூன் இறுதியிலிருந்து விற்கும் வீட்டுச் சார்ஜர்கள் உச்சநேரத்தைத் தவிர்க்கும்படி முன்னமைத்தே வர வேண்டும். எல்லாம் ஒரே நொடியில் தொடங்காதபடி பத்து நிமிடம் வரை ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறான தாமதமும் உண்டு. ஜெர்மனியில் 2024 முதல் புதிதாக இணைக்கும் சார்ஜர்களை நெருக்கடி நேரத்தில் 4.2 கிலோவாட் வரை குறைக்க விநியோக நிறுவனத்துக்கு அதிகாரம், பதிலுக்கு வீட்டுக்காரருக்குக் கட்டணச் சலுகை. மானியத்தோடு ஒப்பிட்டால் இவற்றின் செலவு ஒன்றுமே இல்லை.

மின்நிலையம் பெருகியும் கம்பி பெருகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவே சாட்சி. 2016இல் நாடு முழுக்கக் காற்றாலை மின்சாரத்தில் 17 சதவீதத்தைக் கொண்டுபோக வழியில்லாமல் நிறுத்திவைத்தார்கள். கான்சு மாகாணத்தில் அது 43 சதவீதம்.

2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோது சூரிய மின்சாரம்தான் குற்றவாளி என்று பலர் தீர்ப்பு எழுதினார்கள். ஐரோப்பிய வல்லுநர் குழு கண்டது மின்னழுத்தம் கட்டுமீறி ஏறி, நிலையங்கள் அடுத்தடுத்து விலகிய சங்கிலி. அங்கே சூரிய, காற்றாலை நிலையங்கள் நிலையான திறன்காரணியில், அதாவது மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே போக்கில், ஓடினால் போதும் என்பது பழைய விதி. மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் வேலையை யாரும் அவற்றிடம் கேட்கவில்லை. அந்த நிலையங்களின் மின்சாரத்தைக் கம்பிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்றைய இன்வெர்ட்டரால் அதைச் செய்ய முடியும். தகடு வளர்ந்த வேகத்துக்கு விதி வளரவில்லை.

#13 வரிக்கணக்கு

இதுவரை படித்ததை வைத்து என் நிலையைச் சுருக்கமாக வைக்கிறேன். அரசு முன்கூட்டி வாங்குவதை ஏற்கிறேன், மூன்று நிபந்தனைகளோடு. எந்தச் சட்டத்திலும் பேட்டரி வகை, எஞ்சின், எரிபொருள் பெயர் இருக்கக் கூடாது. மானியம் ஆண்டுதோறும் எவ்வளவு குறையும், எந்தத் தேதியில் முடியும் என்பது முதல் நாளே சட்டத்தில் இருக்க வேண்டும். பணம் முதலில் பேருந்துக்கும் நாள் முழுக்க ஓடும் சரக்கு வண்டிக்கும் போக வேண்டும். சொந்தக் காருக்கு மின்தடம் சொன்ன சார்ஜர் விதியும், பிஸ்டன் கேட்ட பழுதுபார்க்கும் உரிமையும் போதும்.

கதிரொளி இதை ஏற்பாரா?

#14 கதிரொளி

முதலாவதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு: மின்நிலையத்தில் சேமிப்பு போன்ற தொடக்கநிலைப் பொருட்களுக்குப் பெயர் சொல்லித்தான் வாங்க வேண்டியிருக்கும். தெற்கு ஆஸ்திரேலியா 2016இல் மாநிலமே இருண்ட பிறகு, 2017இல் ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரி வைத்தது. அன்றைக்கு அது உலகிலேயே பெரியது. பெயர் சொல்லிக் கேட்டதால்தான் வந்தது. இன்று கலிஃபோர்னியாவில் மட்டும் அதைப்போல நூறு மடங்குக்கு மேல் இருக்கிறது.

இரண்டாவதை முழு மனதோடு ஏற்கிறேன். மூன்றாவதில் சொந்தக் காரை முற்றிலும் கைவிட எனக்கு மனமில்லை. பேட்டரி விலை இறங்கியது கார் சந்தையின் அளவால்தான். 2010இல் யூனிட் கொள்ளளவுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் இருந்தது 2024இல் 115 டாலர். பேருந்துகள் மட்டும் அந்த அளவை எட்டியிருக்காது. ஆனால் விலை இறங்கிவிட்ட இன்று புதிதாகத் தொடங்கும் நாட்டுக்கு நீங்கள் சொல்லும் வரிசை பொருந்தும்.

#15 மின்தடம்

பேருந்து முதலில் என்று முடிவெடுத்தால் அதன் மறுபக்கத்தையும் இப்போதே எழுதிவிடுகிறேன். நூறு பேருந்து நிற்கும் பணிமனைக்கு இரவுக்கு 25,000 யூனிட் வேண்டும். ஆறு மணி நேரத்தில் ஏற்றினால் 4 மெகாவாட்டுக்கு மேல். இதைத் தெரு டிரான்ஸ்ஃபார்மர் தாங்காது. தனி உயர் அழுத்தக் கம்பி வேண்டும், பல இடங்களில் துணைமின்நிலையமே வேண்டும். நிலம், அனுமதி, டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆர்டர், கேபிள் புதைப்பு எல்லாம் சேர்ந்து சாதாரணமாகச் சில ஆண்டுகள் ஆகும். பேருந்து சில மாதங்களில் வந்து நிற்கும்.

அதனால் தேதி போட்ட கொள்கை கார் நிறுவனத்தைவிட எங்களுக்குத்தான் அதிகம் தேவை. எந்தப் பணிமனை எந்த ஆண்டில் மாறும் என்ற பட்டியலை ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே போக்குவரத்துத் துறை வெளியிடட்டும். மின்வாரியம் அந்த வரிசையிலேயே கம்பி இழுக்கும். பட்டியலை இடையில் மாற்றினால், புதைத்த கேபிளுக்கான செலவு மாற்றிய துறையின் கணக்கில் ஏற வேண்டும் என்றும் அதே ஆணையில் எழுதச் சொல்வேன்.